தினமும் கூடவே வரும் அவசரப் பை: எதை வைப்பது, எப்படி அடுக்குவது, எப்படிச் சுமப்பது

2015 டிசம்பர் 1, சாயங்காலம். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிண்டியில் ரயில் இல்லை, பஸ் இல்லை, போனில் நான்கு சதவீதம் சார்ஜ். கூட வேலை பார்த்த இரண்டு பேருடன் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். பல்லாவரம் வருவதற்குள் போன் அணைந்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு டீக்கடைக்காரர், "வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, தேடுவாங்க" என்று தன் போனை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் கணவரின் நம்பர் வரவில்லை. பத்து இலக்கத்தில் முதல் நான்குதான் வந்தது. முழுசாக நினைவில் இருந்த ஒரே நம்பர் அப்பா வீட்டு லேண்ட்லைன். அதைத் துண்டித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பை. இத்தனை வருஷத்தில் அதில் என்னென்னவோ சேர்ந்தது, பாதிக்கு மேல் வெளியே போனது. இதற்கென்று இணையத்தில் கிடைக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் காட்டில் தொலைந்துபோகிறவருக்கு எழுதியவை: மடக்குக் கத்தி, பாராசூட் கயிறு, தீக்கல். அதுவும் பேன்ட்டில் நாலு பாக்கெட் வைத்திருக்கிற ஆம்பிளைக்கு எழுதியவை. மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருகிற, பாக்கெட் இல்லாத சுடிதார் போட்ட, சர்க்கரை நோயுள்ள மாமியாரோடு குடியிருக்கிற ஒருத்திக்கு அந்தப் பட்டியல் ஒத்துவராது.

நான் பார்த்த முதல் அவசரப் பை என் பாட்டியின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பை. சில்லறை, ஒரு சுக்குத் துண்டு, நாலாக மடித்த பத்து ரூபாய், நூல் சுற்றிய ஊசி. தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். தெருவில் யாருக்குச் செருப்பு அறுந்தாலும் பாட்டியிடம்தான் வருவார்கள். தூங்கும்போதுகூட அந்தப் பையை அவர் கழற்றி வைத்துப் பார்த்ததில்லை. கழற்றி வைக்கத் தோன்றாத அளவுக்கு அது சின்னதாக இருந்தது. எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கனமான பை இரண்டே வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

படி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் வாங்க வேண்டாம். ஒரு வாரம், வெளியே இருக்கும்போது "அடடா, இது இல்லையே" என்று தோன்றியதை எல்லாம் எழுதுங்கள். கூடவே கடந்த ஐந்து வருஷத்தில் உங்களை உண்மையிலேயே மாட்டவைத்த சம்பவங்களையும் எழுதுங்கள். என் பட்டியலில் வந்தவை: போன் அணைந்தது (எண்ண முடியாத தடவை), ரயில் பாதி வழியில் நின்றது, லிஃப்டில் கரண்ட் போனது, செருப்பு வார் அறுந்தது, எதிர்பாராத நாளில் மாதவிலக்கு, பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தது, முழங்காலளவு தண்ணீரில் நடந்தது. நிலநடுக்கம் வரவில்லை. கரடி வரவில்லை.

அடிக்கடி வருகிற சின்னத் தொல்லைக்கும் அபூர்வமாக வருகிற பெரிய ஆபத்துக்கும் ஒரே பொருள் உதவுமா என்று பாருங்கள். பவர் பேங்க், டார்ச், சில்லறை, தண்ணீர் நான்கும் அப்படிப்பட்டவை. தினமும் பயன்படுவதால் அவை பையிலேயே இருக்கும், கெட்டுப்போனாலும் உடனே தெரிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவைகூடத் தொடாத பொருள், தேவைப்படும் நாளில் துருப்பிடித்துப் போயிருக்கும்.

படி 2: மூன்று இடமாகப் பிரியுங்கள்

உடம்பில் இருப்பது, பைக்குள் இருப்பது, போய்ச் சேரும் இடத்தில் இருப்பது. கைப்பை பறிபோனாலும் உடம்பில் இருப்பது தப்பும். ஆபீஸ் மேஜை டிராயரிலோ வண்டி சீட்டுக்கு அடியிலோ வைத்தால் போதும் என்கிற சாமானைத் தோளில் சுமக்கத் தேவையில்லை.

என் ஆபீஸ் டிராயரில் ஒரு ஜோடி பழைய ஹவாய் செருப்பு, ஒரு செட் துணி, ஒரு துண்டு, இரண்டு பாக்கெட் பிஸ்கட், மூன்று நாள் மாத்திரை. அவ்வளவுதான். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மாத்திரையையும் பவர் பேங்கையும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் நிரந்தரமாக வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கிற வண்டிக்குள் இருக்கும் சூட்டில் மாத்திரையின் வீரியம் குறையும், பேட்டரி உப்பும்.

படி 3: உடம்போடு இருக்க வேண்டியவை

பாக்கெட் இல்லாதவர்கள் ஐ.டி. கார்டு உறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். என் கார்டுக்குப் பின்னால் ஒரு மடித்த காகிதமும் இருநூறு ரூபாயும் இருக்கின்றன. கார்டு வாரில் ஒரு சின்ன விசில். இடிபாட்டிலோ பழுதான லிஃப்டிலோ மாட்டிக்கொண்டால் கத்திக் கத்தித் தொண்டை போய்விடும். விசிலுக்கு மூச்சு இருந்தால் போதும். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. அப்புறம் வளையலில் இரண்டு ஊக்கு. பாட்டி சொத்து.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் மொத்தப் பையில் மிக மலிவான, மிக முக்கியமான பொருள் அதுதான். அரைப் பக்கத் தாள். உங்கள் பெயர், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதன் பெயர், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், நான்கு போன் நம்பர். நான்கில் ஒன்று வெளியூரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். ஊரே மூழ்கினால் உள்ளூர் டவர் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். வீட்டில் ஒவ்வொருவரும் மதுரையில் இருக்கும் சித்திக்குத் தகவல் சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், ஒருவரையொருவர் தேடி ஆளாளுக்கு அலைய வேண்டியதில்லை.

ஜெல் பேனாவில் எழுதாதீர்கள். என் முதல் காகிதம் ஒரே மழையில் நீலச் சாயமாகிவிட்டது. பால்பாயின்ட் பேனாவோ பென்சிலோ நனைந்தாலும் நிற்கும். எழுதியதைச் சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

அதே காகிதத்தில் பொது நம்பர்களும் இருக்கட்டும்: எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, பெண்கள் உதவிக்கு 181, மாநில பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ரயிலில் இருந்தால் 139. போனின் லாக் ஸ்கிரீனிலும் ரத்த வகையையும் ஒரு நம்பரையும் பதிந்து வையுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தால் பூட்டைத் திறக்காமலே மற்றவர்கள் அதைப் பார்க்க முடியும். செட்டிங்கில் 'அவசரத் தகவல்' என்ற இடத்தில் இருக்கும்.

படி 4: பைக்குள் ஒரு பை

பொருட்களைக் கைப்பையில் நேரடியாகப் போடாதீர்கள். நாம் பை மாற்றுகிறவர்கள். கல்யாணத்துக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. மாற்றுகிற அன்றைக்குத்தான் டார்ச் பழைய பையிலேயே தங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே பவுச்சில் போட்டால் அதை மட்டும் தூக்கி மாற்றினால் போதும். நான் வைத்திருப்பது என் மகள் தூக்கிப்போட்ட பென்சில் பவுச். ஒரு பக்கம் உள்ளிருப்பது தெரிகிற பிளாஸ்டிக்.

அடுக்கும்போது பொருளின் வகையைப் பார்க்காமல் அவசரத்தின் வேகத்தைப் பாருங்கள். இருட்டில், ஒரே கையால், பார்க்காமல் எடுக்க வேண்டியது மேலே: டார்ச், காஸ் துணி (காயத்தில் வைத்து அழுத்தும் வலைத்துணி), சர்க்கரை. உட்கார்ந்து நிதானமாக எடுக்கக்கூடியது அடியில்: கேபிள், மாத்திரை, நாப்கின். இடம் ஒருமுறை முடிவானால் மாற்றக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சை எடுத்துப் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் துழாவினால் அடுக்கு சரியில்லை.

பிறகு சமையலறைத் தராசில் வையுங்கள். என்னுடையது 540 கிராம், தண்ணீர் பாட்டில் தனி. 700 கிராமைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிடுவேன்.

படி 5: ஒவ்வொன்றாக

பவர் பேங்க். 10,000 எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) அளவு தினசரிக்குப் போதும். ஆனால் 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். அந்த மாற்றத்தில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். நடைமுறையில் ஒன்றரை முறை கிடைத்தால் நல்ல சரக்கு. 20,000 வாங்கினால் கனம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அது வீட்டில் இருக்கட்டும். உப்பியிருந்தால் தயங்காமல் கழித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள். விமானத்தில் இதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், லக்கேஜில் போட அனுமதி இல்லை.

டார்ச். போனில்தான் லைட் இருக்கிறதே என்பார்கள். கரண்ட் போன இரவில் போனின் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும். ஒரே ஒரு பென்சில் செல் போடுகிற சின்ன டார்ச் போதும். பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்க செல்லைத் தலைகீழாகப் போட்டு வைக்கலாம். தேவைப்படும்போது திருப்பிப் போட வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் அதைச் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பணம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது பணமதிப்பு நீக்கம் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இல்லை, ஏ.டி.எம். இல்லை, கார்டு மெஷின் இல்லை. கையில் இருந்த பத்தும் இருபதும்தான் பால் வாங்கிக் கொடுத்தது. இப்போது எல்லாம் யுபிஐ என்றாகிவிட்டதால் நாம் அன்றைக்கு இருந்ததைவிட வெறுங்கையாக இருக்கிறோம். ஐந்நூறு ரூபாயை, பத்து, இருபது, ஐம்பது, நூறாகப் பிரித்து வையுங்கள். ஒரே ஐந்நூறு தாளை நீட்டினால் மழையில் ஆட்டோக்காரரிடமும் சில்லறை இருக்காது, பால் பூத்திலும் இருக்காது.

மருந்து. மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் பட்டையைக் கத்திரித்துக் கொடுப்பார்கள், காலாவதித் தேதி கடைக்காரரிடமே தங்கிவிடும். முழுப் பட்டையாக வாங்கி, தேதி இல்லாத பக்கத்திலிருந்து பிய்த்துச் சாப்பிடுங்கள். பாரசிட்டமால் ஒரு பட்டை, உங்கள் வழக்கமான மாத்திரை மூன்று நாளுக்கு, ஆறு பிளாஸ்திரி, இரண்டு காஸ் பொட்டலம், ஒரு கிரேப் பேண்டேஜ். நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் ஒன்று. மற்றவருக்கு உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், நல்லெண்ணத்தில்கூட.

ரத்தம் கொட்டினால் காஸை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிஷம், முழுசாக. நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. தூக்கினால் உறைந்த ரத்தம் கிழிந்து மறுபடி வழியும். காஸ் நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

ஓ.ஆர்.எஸ். என்பது உடம்பில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கிற பொடி. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. என் பாட்டில் அரை லிட்டர். பாதிப் பொடியைக் கொட்டிக் கலக்குவது சரியான அளவில் வராது. 200 மி.லி. தண்ணீருக்கான சின்ன பாக்கெட்டே தனியாகக் கிடைக்கிறது, அதை மூன்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் ஐந்து சிறிய சர்க்கரைப் பொட்டலமோ குளுக்கோஸ் பொடியோ கட்டாயம். வியர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சர்க்கரை பார்க்கும் மெஷினில் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நாலு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். என் மாமியாருக்கு நான் முதலில் கொடுத்தது கடலை மிட்டாய்தான். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மீதி எல்லாம் சொல்லாமலே தெரியும்: நாப்கின் இரண்டு, கைக்குட்டை, பெரிய குப்பைக் கவர் ஒன்று. அந்தக் கவரில் மூன்று ஓட்டை போட்டால் ரெயின்கோட், விரித்தால் உட்கார இடம், பையை உள்ளே போட்டால் நனையாத பை. கத்தி வேண்டாம். மெட்ரோ ஸ்டேஷனில் பையை ஸ்கேன் செய்கிறார்கள், விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ரயிலில் எளிதில் தீப்பிடிக்கும் பொருளைக் கொண்டுபோவது குற்றம், ஆகவே சின்ன கேஸ் அடுப்பு யோசனையையும் விட்டுவிடுங்கள்.

படி 6: பருவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

பவுச்சில் ஒரு சின்ன இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் அதில் கூடுதல் ஜிப் கவரும் ஒரு ஜோடி சாக்ஸும் போகும். மார்ச்சில் அவை வெளியே வந்து, கூடுதல் ஓ.ஆர்.எஸ்.ஸும் மடக்குத் தொப்பியும் உள்ளே போகும். கத்திரி வெயிலில் தண்ணீர் பாட்டில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டராகும். கனம்தான், ஆனால் அந்த ஒரு மாதம் சுமக்கலாம்.

மழைக்காலத்தில் காலையில் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு என்று சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. 24 மணி நேரத்தில் 11.5 செ.மீ.க்கு மேல் மிக கனமழை, 20.4 செ.மீ.க்கு மேல் அதி கனமழை. சிவப்பு என்றால் என் பையில் இருக்கும் எந்தப் பொருளையும்விட வீட்டிலேயே இருப்பது மேல். தண்ணீரில் நடந்தே ஆக வேண்டும் என்றால் வார் வைத்த செருப்பு போடுங்கள், குடையின் கம்பால் முன்னால் குத்திப் பார்த்து நடங்கள், தெருவோர ஈ.பி. பெட்டியை விட்டுத் தள்ளிப் போங்கள். கணுக்காலளவு தண்ணீராக இருந்தாலும் அது வேகமாக ஓடினால் இறங்காதீர்கள். வீடு சேர்ந்ததும் காலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் காயம் இருந்து அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

படி 7: ராத்திரி ரயில் என்றால்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. சுமார் 800 பயணிகள். பலர் இரண்டு இரவு அங்கேயே இருந்தார்கள். மேலப்புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். ஒரு ராத்திரிப் பயணம் என்று நினைத்து ஏறியவர்களின் கையில் ஒரு வேளை மாத்திரை மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அதனால் இரவுப் பயணத்துக்குப் பவுச்சோடு இன்னொரு துணிப் பையும் சேரும்: ஒரு நாள் கூடுதல் சாப்பாடு (அவல், வறுகடலை, பேரீச்சம்பழம், எதற்கும் அடுப்பு வேண்டாம்), இரண்டு லிட்டர் தண்ணீர், ஐந்து நாள் மாத்திரை, ஒரு போர்வை. குழந்தை இருந்தால் பால் பவுடர், டயப்பர் எல்லாம் இரண்டு மடங்கு. இந்தப் பையை சீட்டுக்கு அடியில் தள்ளாமல் தலைமாட்டில் வையுங்கள்.

படி 8: ஈ.பி. பில் வரும்போது திறந்து பாருங்கள்

மாதம் ஒரு முறை சோதிப்பேன் என்று சபதம் எடுத்தால் நடக்காது, எடுத்துப் பார்த்தவள் சொல்கிறேன். நமக்கு ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. பில் கட்டின கையோடு பவுச்சைப் படுக்கையில் கொட்டுங்கள். பவர் பேங்கை முழுசாக ஏற்றுங்கள், டார்ச்சை எரித்துப் பாருங்கள், மருந்துத் தேதிகளைப் பாருங்கள், காகிதத்தில் உள்ள நம்பர்கள் இன்னும் சரியா என்று பாருங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. இடையில் எதையாவது எடுத்துப் பயன்படுத்தினால் அன்று இரவே நிரப்பிவிடுங்கள், நாளைக்கு என்று விட்டால் அது அடுத்த பில் வரை போகும்.

போன தடவை கொட்டியபோது பிளாஸ்திரி ஆறும் அப்படியே இருந்தன, விசில் இருந்தது, ஓ.ஆர்.எஸ்.ஸில் ஒன்று குறைந்திருந்தது. ஊக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. தாம்பரம் லோக்கலில் யாரோ ஒரு பெண்ணுக்குப் பை ஜிப் பிய்ந்துபோய்க் கடைசி இரண்டையும் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை பிளாட்பாரத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு கொத்து வாங்கி, இரண்டை வளையலில் மாட்டிக்கொண்டு மீதியை பவுச்சில் போட்டேன்.